உம்ம்ம்...

இசைத்தட்டில் ஊசி இறங்கவே இல்லை. அதற்குள் ஸ்பீக்கரில் யாரோ தம்பூரா மீட்டுகிறார்கள்.

எழுபதுகளின் ஜப்பானிய ஸ்டீரியோ ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிபயரும் ஒரே பெட்டியில்). பழுது நீக்கி, புதுப்பித்த பெட்டி. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "பில்டர் கண்டென்சர் போயிருக்கும்" என்றார்கள், அதாவது பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சீராக்கும் பாகம். எந்த இரைச்சலுக்கும் நம் ஊரில் இந்த ஒரு மருந்துதான்!

இசைத்தட்டுக்கான 'ஃபோனோ'விலிருந்து எஃப்.எம். ரேடியோவுக்குத் திருப்பினேன். உறுமல் காணாமல் போயிற்று. பவர் சப்ளை பழுதென்றால் அங்கேயும் கேட்க வேண்டுமே? தவிர, பவர் சப்ளை உறுமல் 100 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 100 அதிர்வு) கரகரக்கும். இதுவோ மந்தமான 50, அப்படியே நம் வீட்டு மின்சாரத்தின் குரல்.

ஃபோனோ பகுதி சில மில்லிவோல்ட்டை ஐம்பது முதல் நூறு மடங்கு வரை பெருக்குவது. இசைத்தட்டில் குறைத்துப் பதிந்த தாழ்சுருதியை ஈடுகட்ட, 50 ஹெர்ட்ஸை இன்னும் தூக்கிவிடும். உறுமலுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது.

ரிசீவரின் பின்பக்கம் எர்த் இணைக்கும் 'ஜிஎன்டி' திருகைக் கழற்றினேன். டர்ன்டேபிளிலிருந்து (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) வரும் மெல்லிய எர்த் கம்பியின் நுனியில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து, செம்பு பளிச்சென்று தெரிந்ததும் இறுக்கினேன். முக்கால்வாசி அடங்கிவிட்டது.

(எர்த் சிக்கல் என்றதும் பிளக்கின் மூன்றாவது முள்ளை வெட்டச் சொல்லும் நிபுணர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து.)

மிச்சம், ரிசீவரின் டிரான்ஸ்பார்மர் காந்தப்புலம், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் ஏறுவது. டர்ன்டேபிளை இரண்டடி தள்ளி வைத்தால் போதும். அந்த இடத்தில் குத்துவிளக்கு இருக்கிறது. நகர்த்த வீட்டில் அனுமதி இல்லை.