லேட்டரல் என்ட்ரியில் வந்தவனும் மூன்று மேத்ஸ் பேப்பர்களும்

ஈரோட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு, 2014-ல் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேர்ந்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டம். என்னைப் போல லேட்டரல் என்ட்ரியில் வருகிறவர்களுக்கு சி, ஜாவா எல்லாம் பயமே இல்லை, லேப்பில் நாங்கள்தான் கில்லி. மிரட்டுவது மேத்ஸ். மற்ற பசங்க எம்-1, எம்-2 என்ற முதல் வருட மேத்ஸ் பேப்பர்களில் ஒரு வருடம் கணக்குப் போட்டுப் பழகிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் போய் உட்கார்ந்ததும் ஃபோரியர் சீரிஸ், அதாவது ஒரு ஃபங்ஷனை சைன், கொசைன்களின் கூட்டலாக விரிப்பது!

எங்கள் மூன்றாவது செமஸ்டரின் டிபிடிஇ (டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்டு பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ்) பேப்பரைத் தாண்ட, கையை ஒடித்துக் கணக்குப் போடுவதுதான் வழி. வீட்டில் தறி ஓடுகிற சத்தத்திலேயே போட்டுப் பழகினேன். பகுதி பகுதியாகத் தொகையிட பெர்னூலி ஃபார்முலா தூக்கத்திலும் வர வேண்டும். அப்புறம் கண். எக்ஸ் ஸ்கொயரை மைனஸ் பை முதல் பை வரை விரிக்கச் சொன்னால், அது ஈவன் ஃபங்ஷன் (இரு பக்கமும் ஒரே மாதிரி), அதனால் சைன் பக்கத்துக் கெழுவான பி-என் பூஜ்யம் என்று முதல் வரியிலேயே எழுதிவிடலாம். அரைப் பக்கம் மிச்சம். பாஸானேன். ஆனால் அதிர்கிற கம்பிக்கு எழுதிய அந்தச் சமன்பாட்டை வேலையில் இன்றுவரை தொட்டதில்லை. சிக்னல், இமேஜ் பக்கம் போகிறவர்களுக்கு ஃபோரியர் சோறு போடும், அது வேறு.

நான்காவது செமஸ்டரில்தான் கூத்து. அல்காரிதம்ஸ் பேப்பர் அப்போதே வந்துவிட்டது, அதற்கு அடித்தளமான டிஸ்கிரீட் மேத்ஸ் (லாஜிக், நிரூபணம், எண்ணிக்கைக் கணக்குகள்) ஐந்தாவதில். ஹனாய் கோபுரப் புதிரில் n தட்டுகளை மாற்ற எத்தனை நகர்த்தல் என்பதற்கு ஏன் 2-ன் அடுக்கு n-லிருந்து 1 கழிக்கிறோம் என்பதை மனப்பாடம் செய்து எழுதினோம், அடுத்த செமஸ்டரில் இன்டக்‌ஷன் என்ற நிரூபண முறையைப் படித்தபோதுதான் விளங்கியது. 2017 பாடத்திட்டத்தில் டிஸ்கிரீட்டை மூன்றாவது செமஸ்டருக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ரொம்ப சரி.

டிஸ்கிரீட்டில் நம் பயிற்சி செல்லாது. போன வருடக் கேள்வித்தாளைப் பத்து தடவை போட்டாலும், நிரூபி என்று புதிதாக ஒன்று வந்தால் பேனா நின்றுவிடும். எங்கள் மேடம் சொல்வார், "ஏங் கண்ணு, விடையப் பாக்காத. மொத வரியிலிருந்து ரெண்டாவது வரி எப்படி வந்துச்சுன்னு மட்டும் பாரு." அதன்படி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதிப் படித்தேன். மெதுவாகத்தான் போகும். இப்போது மற்றவர் எழுதிய கோடைப் படிக்கும்போதும் அதே பழக்கம்தான் கை கொடுக்கிறது.

வேலையில் நேராக உதவியது, நான்காவது செமஸ்டரில் யாரும் மதிக்காத ப்ராபபிலிட்டி அண்டு க்யூயிங் தியரி, அதாவது நிகழ்தகவும் வரிசையில் காத்திருப்பதன் கணக்கும். திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். மாதக் கடைசியில் பில் போடும்போது எல்லாம் இழுக்கும். இன்னொரு சர்வர் வேண்டும் என்றேன். "பத்து பர்சென்ட் சும்மாதானுங்க கெடக்குது, எதுக்கு?" என்றார் முதலாளி.

ஒரே சர்வர் முன்னால் நிற்கும் வரிசைக்கான எம்/எம்/1 கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். பளு, அதாவது சர்வர் வேலையில் இருக்கும் நேரத்தின் பங்கு, 0.5 என்றால் அதை 1-லிருந்து கழித்து வந்த 0.5-ஆல் வகுக்க வேண்டும். சராசரியாக 1 வேலை உள்ளே நிற்கும். பளு 0.9 என்றால் 9. 0.95 என்றால் 19. பளு ஐந்து சதம் கூடியதற்கே வரிசை இரண்டு மடங்குக்கும் மேல். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செரீங்க, கொட்டேஷன் வாங்குங்க" என்றார்.

இந்த வருடம் லேட்டரலில் போகிற தம்பி தங்கைகளுக்கு: கவுன்சிலிங்கில் சீட் கிடைத்த பிறகு வகுப்பு தொடங்கும்வரை கொஞ்சம் நாள் கிடைக்கும். புது மொழி எதையும் படிக்க உட்காராதீர்கள். தொகையிடலையும் பகுதிப் பின்னங்களையும் தினம் நாலு கணக்கு, பேனாவால் போடுங்கள். சீனியரிடம் எம்-1 நோட்டு வாங்கி மேட்ரிக்ஸ் பகுதியையும் பார்த்துவிடுங்கள், மெஷின் லேர்னிங் பேப்பரில் அந்த மேட்ரிக்ஸ் பகுதியின் ஐகன் வேல்யூ வந்து நிற்கும்.