பத்து டாலரில் நின்றுபோன என் வலைப்பதிவு

போன வாரம்தான் என் வலைப்பதிவின் முதல் விளம்பரப் பணம் வங்கிக்கு வந்தது. தையல் மெஷின் பழுது பார்ப்பதைப் பற்றி எழுத ஆரம்பித்து மூன்று வருடம் ஆகப்போகிறது. எழுதுவதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. கஷ்டமெல்லாம் அதற்கு வெளியே இருந்தது.

டொமைன் என்கிற தளப் பெயரை வாங்குவது, தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளை நிறுவுவது எல்லாம் ஒரு சாயங்கால வேலை. நம் தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியிலேயே தமிழை ஏற்றுக்கொண்டுவிட்டதால் மொழியும் தடை இல்லை. விண்ணப்பித்தேன், நிராகரித்தார்கள். காரணம்: குறைந்த மதிப்புள்ள உள்ளடக்கம். கோபத்தில் மறுநாளே திரும்ப விண்ணப்பித்தேன். அதே பதில். மூன்றாவது முறையும் அதேதான் வந்த பிறகுதான் என் பதிவுகளை நானே வாசகராக உட்கார்ந்து படித்தேன். இருபதில் பதினான்கு பதிவுகள் பத்து வரி கூட இல்லை, படங்களோ எங்கிருந்தோ எடுத்தவை. அவற்றைத் தூக்கிவிட்டு, மிச்சத்தை விரிவாக எழுதி, என் மெஷினையே பிரித்துப் படம் எடுத்துப் போட்டேன். தனியுரிமைப் பக்கம், தொடர்புப் பக்கம் இரண்டையும் சேர்த்தேன். நான்காவது தடவை கிடைத்தது. நிராகரிப்பு வந்தால் உடனே பொத்தானை அமுக்காதீர்கள், ஒரு மாதம் வேலை பாருங்கள்.

விளம்பரம் ஓட ஆரம்பித்த சந்தோஷத்தைத் தம்பியிடம் சொன்னதுதான் தப்பு. பத்து நாள் கழித்து ஃபோன் செய்தான். "அக்கா, ஆபீஸ்ல இருந்து தினமும் முப்பது தடவை உன் விளம்பரத்தை அமுக்கிட்டு இருக்கேன், நீ கவலைப்படாதே!" எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நாமே அமுக்குவதும், தெரிந்தவர்களை அமுக்கச் சொல்வதும் கணக்கையே மூட வைக்கும். அந்த மாதம் செல்லாத கிளிக்குகள் என்று ஒரு தொகையைக் கழித்ததோடு விட்டார்கள். கணக்கு பிழைத்தது என் அதிர்ஷ்டம். வீட்டில் யாரிடமும் விளம்பரத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.

அப்புறம் தலைப்பில் சொன்ன அந்த 10 டாலர் வருமானம். ஆயிரம் பார்வைக்கு அரை டாலர்கூடத் தேறாத நிலையில் அதை எட்டவே நாலு மாதம். எட்டியதும் முகவரியைச் சரிபார்க்க ஆறு இலக்கப் பின் எண்ணைத் தபாலில் அனுப்புகிறார்கள். இரண்டிலிருந்து நான்கு வாரம் என்றார்கள். ஐந்து வாரம் காத்திருந்தேன், வரவில்லை. சாதாரணத் தபால், எங்கே இருக்கிறது என்று பார்க்க வழி கிடையாது. தபால் நிலையத்தில் இருந்தவரிடம் கேட்டால், "பதிவு எண் இருக்கா? இல்லேன்னா நாங்க என்னம்மா பண்றது?" என்று தலை நிமிராமலே சொல்லிவிட்டார். இரண்டாவது கடிதம் கேட்டேன். அதுவும் வரவில்லை. பிறகுதான் கணக்கைத் திறந்து பார்த்தேன்: முகவரியில் கதவு எண்ணே இல்லை! தெருப் பெயரோடு நிறுத்திவிட்டிருக்கிறேன், அதுவும் நானே. திருத்திவிட்டு மூன்றாவதைக் கேட்டேன். முதல் பின் உருவானதிலிருந்து நான்கு மாதத்துக்குள் எண்ணைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். எனக்கு ஒன்பது நாள் மிச்சம் இருந்தபோது, மடித்து ஒட்டிய அந்தச் சின்னக் காகிதம் வந்து விழுந்தது. பரீட்சை முடிவைப் பிரிப்பது மாதிரி ஓரம் கிழித்தேன்.

இடையில் இன்னொரு கூத்து. பாபின் நூல், அதாவது மெஷினின் கீழ்நூல், ஏன் சிக்குகிறது என்று ஒரு பதிவு எழுதியிருந்தேன். பெரும்பாலும் தப்பு கீழே இல்லை, மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காராததுதான் காரணம். அதை யாரோ வாட்ஸ்அப் குழுக்களில் பகிர, ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். தளம் படுத்துவிட்டது. தளத்தை வைத்திருக்க வாடகைக்கு எடுக்கும் இடம்தான் ஹோஸ்டிங், என்னுடையது மலிவு என்று பிடித்தது. உதவி அரட்டையில் இருந்தவர் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்பதை நான்கு முறை ஒட்டினாரே தவிர, தளம் எழுந்தது மறுநாள் மத்தியானம்தான். அதற்குள் கூட்டம் போயே போய்விட்டது. முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஹோஸ்டிங் எடுக்காதீர்கள், புதுப்பிக்கும்போது என்ன கேட்பார்கள் என்பதையும் பாருங்கள். எனக்கு மூன்று மடங்கு கேட்டார்கள். வேறு இடத்துக்கு மாறிவிட்டேன்.

அமேசானின் இணைப்பு விற்பனையும் முயன்றேன்: நம் பதிவில் உள்ள இணைப்பு வழியாக யாராவது பொருள் வாங்கினால் நமக்குக் கமிஷன். 180 நாளில் மூன்று விற்பனை காட்ட வேண்டும். எனக்கு ஒன்றுதான் ஆனது. அதுவும் சித்தி வாங்கியது, சொந்தக்காரர் வாங்கினால் கணக்கில் சேராது. கதை முடிந்தது.

ஆட்சென்ஸ் பணம் அனுப்பக் குறைந்தபட்சம் சேர வேண்டிய 100 டாலரைத் தாண்டிய மாதம், வங்கி விவரத்தில் ஒரு முட்டுக்கட்டை. ஆட்சென்ஸில் முழுப்பெயர் கொடுத்திருந்தேன், வங்கியில் இனிஷியலோடு இருந்தது. திருத்தி முடித்தது 22-ஆம் தேதி. பணத்தை நிறுத்தி வைக்கக் காரணமான எதையும் 20-ஆம் தேதிக்குள் சரிசெய்தால்தான் அந்த மாதம் பணம் கிளம்பும், இல்லையென்றால் அடுத்த மாதம்தான். இரண்டு நாளில் ஒரு மாதம் போனது. கணக்கு தொடங்கும் அன்றைக்கே வங்கிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பாருங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த அலைச்சலுக்கு நடுவே ஒரு வாசகி "இதையெல்லாம் ஒரே கோப்பாகக் கொடுத்தால் காசு தருகிறேன்" என்று எழுதினார். பழைய பதிவுகளைக் கோத்து நாற்பது பக்க மின்னூல் ஆக்கினேன். 31 பேர் வாங்கினார்கள். அந்தப் பணம் ஒரு வருட விளம்பர வருமானத்தைவிட அதிகம். மின்னூலுக்கு யாரும் பின் எண் கேட்கவில்லை, கடிதத்துக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

தம்பி நேற்று ஃபோன் செய்து மின்னூல் பத்து வாங்கட்டுமா என்றான். இது பரவாயில்லை, வாங்கிக்கோ என்றேன்.