துவக்குச் சோங்கும் என் தச்சு வேலையும்

சுவிஸில் இருக்கிற அக்காவின் மகன் நேற்று வீடியோ கோலில் வந்தான். அங்கே ஒரு கிளப்பில் 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டிக்குப் பழகுகிறான். "மாமா, மரச் சோங்கைக் கழற்றிவிட்டு அளவு மாற்றக்கூடிய அலுமினியச் சோங்கு போட்டுட்டன்" என்றான். சோங்கு என்றால் தோளில் அணைத்துப் பிடிக்கிற துவக்கின் கட்டை. துவக்கு என்றாலே எங்கள் பக்கத்தில் வேறு ஞாபகங்கள்தான் வரும். ஆனாலும் ஆரையம்பதியில் முப்பது வருசம் உளி பிடித்தவனுக்கு இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

விசயம் எளிது. தோளில் படுகிற சோங்கின் அடிப்பகுதிக்கும் விரல் இழுக்கிற விசைக்கும் உள்ள தூரம் கைக்குப் பொருந்த வேண்டும். நீளம் கூடினால் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். குறைந்தால் முகம் பின்பார்வையில், அதாவது கண்ணை வைத்துக் குறி பார்க்கிற பின் துளையில், முட்டும். கன்னம் வைக்கிற கட்டையும் ஏறி இறங்க வேண்டும். கண்ணை மூடிக் கன்னத்தைச் சாய்த்து, பிறகு திறந்தால் குறி நேராகத் தெரிய வேண்டுமாம். இலக்கு அட்டையின் நடுவில் பத்துப் புள்ளி தருகிற பொட்டின் அகலம் அரை மில்லிமீற்றர்தான், 4.5 மில்லிமீற்றர் சன்னத்தை விடவும் சின்னது!

மரம் ஈரத்துக்கு ஊதும் என்பதை எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மார்கழி மாரியில் இறுகின கதவுகளைச் சீவியே பாதி ஆயுள் போச்சு.

மாற்றியதும் குறி விலகிவிட்டதாம், திரும்பச் சரிபார்க்க இரண்டு பின்னேரம். "ஆணிகளை ஒரே அளவாக இறுக்கினியா?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

கழற்றின மரச் சோங்கை எறிய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நல்ல வால்நட் மரம்.