ஃபிஸ்டுலாவை மூடிய பிறகு வந்த துடிப்பு

டயாலிசிஸுக்காக என் இடது முழங்கையில் ஃபிஸ்டுலா போட்டிருந்தார்கள், அதாவது தமனியை நேராகச் சிரையோடு இணைத்திருந்தார்கள். ஆறு ஆண்டுகள் அதில்தான் ஊசி. பிறகு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, இனித் தேவையில்லை என்று ஃபிஸ்டுலாவைக் கட்டி மூடினார்கள். அன்றிரவு கையைக் காதோரம் வைத்துப் பார்த்தேன். இத்தனை காலம் தலையணைக்கு அடியில் கேட்ட, ரத்தம் பாயும் இரைச்சல் இல்லை. அந்தக் கையோடு இனி வம்பில்லை என்று தூங்கிப்போனேன்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் மேல்கையின் உட்புறத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு. வலியில்லை. ஃபிஸ்டுலா கைக்காரர்களுக்குப் புடைப்பு புதிதா என்ன? ஊசி பட்டுப்பட்டுச் சிரை முடிச்சு முடிச்சாகத்தான் கிடக்கும். ஆனால் இது நாடியோடு சேர்ந்து துடித்தது. மூடிய சிரை எப்படித் துடிக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தபோதும், கையை மடக்கித் தூங்கியிருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு காலையில் நடுவிரல் நுனி நீலம் பாரித்துச் சில்லிட்டிருந்தது. அன்றுதான் மருத்துவமனைக்கு ஓடினேன்.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தெரிந்தது: புடைத்திருந்தது சிரையல்ல, தமனி. சில மில்லிமீட்டரே இருக்க வேண்டிய குழாய் 4 சென்டிமீட்டராக விரிந்திருந்தது, உள்ளே ரத்தக்கட்டி. ஃபிஸ்டுலா ஓடிய காலத்தில் அந்தத் தமனி வழக்கத்தைவிடப் பல மடங்கு ரத்தத்தைச் சுமந்து அகன்றுவிட்டதாம். மூடிய பின் ஓட்டம் குறைந்தது, அகலம் குறையவில்லை. தேங்கிய ரத்தம் உறைந்து, துணுக்குகள் விரலுக்குப் போயிருக்கின்றன. மரப்புக்குக் காரணம், தமனியை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கியது. மாற்றுச் சிறுநீரகத்துக்காக விழுங்கும் ஸ்டீராய்டும் தமனிச் சுவரைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றார் அறுவை மருத்துவர். மூடிய அன்று என்னிடம் தந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அறுவையைவிட எனக்குப் பயம் அதற்கு முந்தைய சிடி ஆஞ்சியோதான்; சாயம் ஏற்றி ரத்தக்குழாயைப் படமெடுப்பார்கள். இருப்பது ஒற்றைச் சிறுநீரகம்; சாயம் அதைக் கெடுத்துவிட்டால்? முதல் நாளே சலைன் ஏற்றினார்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும், சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் அளவைப் பார்த்தார்கள், அசையவில்லை. பிறகு விரிந்த பகுதியை வெட்டியெடுத்து, தொடையிலிருந்து எடுத்த சிரையை அங்கே இணைத்தார்கள். கை பிழைத்தது, நடுவிரல் நகம் மட்டும் கறுத்து விழுந்து, வேறு முளைத்தது.

இப்போது குறிப்பிட்ட இடைவெளியில் டாப்ளர். மரப்பு பாதி போயிருக்கிறது. சட்டைப் பொத்தான் போடும்போது மட்டும் கட்டைவிரல் இன்னும் தடுமாறுகிறது.