யாருக்கு எந்த வேலை: மைக்ரோசொஃப்ட் புரொஜெக்டில் ஃபில்டர் போடுவது

வெள்ளவத்தையில் எழும் ஒரு சாதாரண அடுக்குமாடிக்கே நூற்றுக்கணக்கான வரிகளில் அட்டவணை வரும். அதில் ஆள் போடாத வேலையைக் கண்ணால் தேடுவது வீண்வேலை. வேலை அட்டவணை போடும் மென்பொருளான மைக்ரோசொஃப்ட் புரொஜெக்டில், வேண்டிய வரிகளை மட்டும் காட்டும் ஃபில்டர் அதற்கு உதவும்.

வியூ டேப்பில் ஃபில்டர், நியூ ஃபில்டர். முதல் வரியில் ரிசோர்ஸ் நேம்ஸ், ஈக்குவல்ஸ். மதிப்பை வெறுமையாக விடுங்கள். அடுத்த வரியில் அண்ட், சமரி ஈக்குவல்ஸ் நோ. இதை மறந்தால் ஆளே தேவைப்படாத தலைப்பு வரிகளும் வந்து குவியும். மைல்ஸ்டோனையும் (ஒரு கட்டம் முடிந்ததைக் குறிக்கும் வரி) அப்படியே கழித்துவிடலாம்.

ஒரு ஆளின் வேலையைத் தேடும்போது மட்டும் ஈக்குவல்ஸ் உதவாது. இரண்டு மேசன்மாரைப் போட்டால் ரிசோர்ஸ் நேம்ஸ் கட்டத்தில் ‘மேசன்[200%]’ என்றிருக்கும், ‘மேசன்’ என்பதோடு பொருந்தாது. கன்டெயின்ஸ் போடுங்கள். அதிலும் ஒரு வில்லங்கம்: ‘மேசன் உதவியாள்’ கூடவே வந்து நிற்பார். பெயர் வைக்கும்போதே ‘உதவியாள்’ என்று தனியாக வைப்பது நல்லது.

இந்த வார வேலைக்கு ஸ்டார்ட் திகதியை மட்டும் பார்த்தால், போன வாரம் தொடங்கி இன்னும் ஓடும் பூச்சுவேலை தவறிப்போகும். ஸ்டார்ட் வெள்ளிக்கு முன் அல்லது அன்று, ஃபினிஷ் திங்களுக்குப் பின் அல்லது அன்று, நடுவில் அண்ட். (பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களை கலண்டரில் நாமே சேர்க்காவிட்டால் இந்தத் திகதிகளே பிழை.)

ஆளைப் போட்ட பிறகும் வரி மறையாமல் நிற்கிறதா? ஃபில்டர் தானாகப் புதுப்பிக்காது. கன்ட்ரோல் எஃப்3 அழுத்துங்கள். எல்லா வரியும் திரும்ப வேண்டுமென்றால் வெறும் எஃப்3.