எந்தத் தோட்டம் என்று கேட்டேன்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வயதானவர்களிடம் பேர் கேட்பதற்கு முன்னால் "எந்தத் தோட்டம்?" என்றுதான் கேட்போம். தோட்டம் என்றால் அவர்கள் வேலை செய்து வாழ்ந்த ரப்பர் தோட்டம். தோட்டத்தைச் சொன்னால் கோயில் தெரிந்துவிடும், பள்ளிக்கூடம் தெரிந்துவிடும், யார் வீட்டுச் சொந்தம் என்பதும் பாதி தெரிந்துவிடும். இங்கே அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். அறுபதைத் தாண்டியவர்களின் ஞாபகத்தைச் சோதிப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. இந்தக் கேள்வி சோதனைத் தாளில் கிடையாது. ஆனால் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

தாளில் இருப்பவை 10 கேள்விகள். ஓர் எண்ணைச் சொல்லி மனதில் வைக்கச் சொல்வோம். வயது, பிறந்த தேதி, இன்றைய கிழமை, மாதம், வருஷம், இது என்ன இடம் என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் அந்த எண்ணைத் திரும்பக் கேட்போம். ஒரு பாட்டிக்கு (அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிடுகிறேன்) எண்ணும் நினைவில்லை, வருஷமும் தெரியவில்லை. கூட வந்த மகளின் முகம் வாடிவிட்டது. எந்தத் தோட்டம் பாட்டி என்று கேட்டேன். விடியுமுன் பெரட்டில் (வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்தில்) தனக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் யார், ஆற்றோர நிரை (ரப்பர் மர வரிசை) யாருடையது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் விட்டதும் யார் பிள்ளை அழும், ரப்பர் பால் ஸ்டோரில் யாருடைய வாளி முதலில் வந்து நிற்கும் என்று தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? மிஸி கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றார் மகள். தாதியை இங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மகள் மேல் தப்பில்லை. அம்மா தோற்றுவிடக் கூடாதே என்ற தவிப்பு அது. அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் கைவைப்பது மூளையில் புது நினைவைப் பதிந்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது போய்விடும். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் பதிந்தவை ரொம்ப காலம் தாங்கும். தோட்டத்து மனிதர்களுக்கு அந்த வயது முழுக்கத் தோட்டம்தான்.

பாட்டியின் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது அடுத்த நிரையில் மரம் வெட்டிப் பால் எடுத்த தோழியின் பேர். 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். பினாங்கில் ரஜூலா கப்பலைப் பிடித்து நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ போனவர்களில், இந்தியாவையே பார்த்திராதவர்களும் இருந்தார்கள். இந்தத் தோழியும் அப்படிப் போனவர்தான். ஒரு கடுதாசி வந்ததாம். அப்புறம் வரவில்லை. போகாமல் தங்கியவர்களையும் காலம் விட்டுவைக்கவில்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். பிள்ளைகள் ஈப்போ, பினாங்கு, கோலாலம்பூர் என்று ஃபேக்டரி வேலைக்குப் போக, பெரியவர்கள் அவர்கள் பின்னாலேயே ஆளுக்கொரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்தப் பாட்டி வீட்டில் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று எப்போதும் ஆள் இருக்கிறது. சோறு வேளைக்கு வருகிறது. ஆனாலும் அவர் தனியாகத்தான் இருக்கிறார். அவர் சொல்வதைக் கேட்டு "ஆமாம், அப்படித்தான் நடந்தது" என்று சொல்ல அந்த வீட்டில் யாருமில்லை. "இல்லை, நீ சொல்வது தப்பு" என்று சொல்லவும் யாருமில்லை. பேரன் பாசமாகக் கேட்பான், ஆனால் அவனுக்கு அது கதை.

"வயசானா அப்படித்தான்" என்று சொல்லிக் கைகழுவுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மறதி என்று வருகிறவர்களில் சிலருக்குக் காது சரியாகக் கேட்காது, கேள்வியே உள்ளே போயிருக்காது. தைராய்டு குறைந்திருக்கலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், அதுவும் மறதி தரும். மனச்சோர்வும் மறதி மாதிரியே தெரியும். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்க்கான மாற்றக்கூடிய காரணங்கள் என 14-ஐச் சொன்னது. இளமையில் கல்வி குறைவு, காது மந்தம், நீரிழிவு, மனச்சோர்வு, மனிதத் தொடர்பு அற்றுப்போவது எல்லாம் அதில் உண்டு. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளத் தமிழ்ப்பள்ளியைப் பாதியில் விட்ட நம் பாட்டியிடம் இந்த ஐந்துமே இருந்தன. ரத்தப் பரிசோதனை எடுத்தோம், காதுக்கு ஈப்போவுக்கு அனுப்பினோம். மனிதத் தொடர்புக்கு எங்கே அனுப்புவது?

பதில் எங்கள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தது. சர்க்கரை பார்க்க வந்த ஒரு தாத்தாவிடம் வழக்கம்போல எந்தத் தோட்டம் என்று கேட்டேன். பாட்டியின் தோட்டம்தான், வேறு டிவிஷன் (தோட்டத்தின் இன்னொரு பிரிவு). இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். அவர் பாட்டியின் அண்ணனோடு பந்து விளையாடியவராம். கொஞ்ச நேரத்தில் சண்டை வந்துவிட்டது.

"கரகம் தூக்குன அன்னைக்குத்தானே மழை கொட்டுச்சு?"

"இல்ல தங்கச்சி, அது அடுத்த வருஷத் திருவிழா. பந்தல் சாஞ்சுது பாரு."

"உங்களுக்குத்தாண்ணே எல்லாம் மறந்துபோச்சு!"

அன்றைக்கு என்ன தேதி என்று இருவருக்குமே தெரியாது. பாட்டி இவ்வளவு சத்தமாகப் பேசி மகள் கேட்டதில்லையாம். அதன் பிறகு இருவருக்கும் ஒரே நாளில் தேதி போட்டுக்கொடுத்தேன். வேறு பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. பேனாவால் ஒரு வரி எழுதியதுதான்.

சில மாதம் கழித்துத் தாத்தா இறந்துவிட்டார். பாட்டியின் மகள் போன் செய்து கேட்டார்: "மிஸி, அம்மாகிட்ட சொல்லலாமா? எப்படியும் மறந்துடுவாங்க. எதுக்கு அழவைக்கணும்?" இந்தக் கேள்வி நிறைய வீடுகளிலிருந்து வரும். நான் சொல்வது ஒன்றுதான். ஒரு தடவை உண்மையைச் சொல்லுங்கள், சுருக்கமாக, கையைப் பிடித்துக்கொண்டு. மறந்துபோய் மறுபடி அவரைத் தேடினால் ஒவ்வொரு தடவையும் சாவுச் சேதியைப் புதிதாகச் சொல்ல வேண்டாம், அவரைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். ஆனால் முதல் தடவையே மறைக்காதீர்கள். நண்பனுக்காக அழும் உரிமையை மறதி நோய் பறித்துவிடவில்லை.

மகள் சொன்னார். பாட்டி அழுதிருக்கிறார், கருமாதிக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறார். போன இடத்தில் பழைய தோட்டத்துப் பெண்கள் சிலர் இருந்திருக்கிறார்கள். மகள் எல்லாருடைய போன் நம்பரையும் வாங்கி வந்துவிட்டார். அவர்களில் ஒருவர் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறார். மகள் ஸ்பீக்கரைப் போட்டு, பாட்டிக்கு நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் வைத்துவிட்டுச் சமையலுக்குப் போய்விடுகிறாராம். பந்தல் சாய்ந்தது எந்த வருஷம் என்பது இன்னும் தீரவில்லை.