தலைகுந்தா உறைபனிக்கு எந்த ஃபிலிம்?

ஜனவரி 3, 2025, வெள்ளி

அடுத்த வாரம் ஊட்டி. இந்த முறை ஊர் சுற்ற அல்ல, பக்கத்தில் இருக்கும் தலைகுந்தாவின் உறைபனிக்காக மட்டும். அப்பாவின் பழைய ஃபிலிம் கேமரா யாஷிகா மேட்டைத் துடைத்து, ஷட்டரை எல்லா வேகத்திலும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு நொடி மட்டும் சற்றே இழுக்கிறது, மற்றவை சரி.

120 என்ற அகல ஃபிலிம் ரோல், சதுரப் படம், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். பாதியில் ஃபிலிமை மாற்ற வழியில்லை. அதனால் எந்த ரோலை எந்த நேரத்தில் போடுவது என்பதைக் கோவையில் உட்கார்ந்தே யோசித்தாக வேண்டும்.

ஜனவரி 6, திங்கள்

மூன்று நாளாக இதே யோசனை. கையில் இருப்பவை வெல்வியா 50 மூன்று ரோல், எக்டார் 100 மூன்று ரோல். போர்ட்ரா 160 என்ற ஃபிலிமும் வாங்கலாமா என்று பார்த்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மனித முகத்துக்கு அதைப்போல் சாந்தமான ஃபிலிம் இல்லை. ஆனால் சோலைக்காட்டின் பச்சையை அது வெளிறடித்துவிடுகிறது.

வெல்வியா ஸ்லைடு, அதாவது கழுவியதும் அசல் நிறத்திலேயே படம் தெரியும் ஃபிலிம். 1990இல் வந்த நாள் முதல் இயற்கைக் காட்சி எடுப்பவர்கள் அதன் பின்னால்தான் போயிருக்கிறார்கள். பச்சையும் சிவப்பும் அதில் கொழுந்துவிட்டு நிற்கும். பதிலுக்கு அது கேட்பது துல்லியம்: வெளிச்சத்தை அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) தவறாகக் கணித்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எக்டார் நெகட்டிவ், நிறங்கள் தலைகீழாகப் பதியும் ஃபிலிம். 2008இல் அறிமுகமாகி, மறு ஆண்டு 120இலும் வந்தது. படத்தில் தெரியும் புள்ளிமணிகள் மிக நுண்ணியவை, நல்ல நிறச்செறிவு. நிழலில் வெளிச்சம் குறைவாகக் கொடுத்தால் நீலம் பூத்துவிடும், தாராளமாகக் கொடுத்தால் பொறுத்துக்கொள்ளும்.

விடியலுக்கு வெல்வியா, பகலுக்கு எக்டார் என்று முடிவு செய்தேன். எல்லோரும் செய்வதும் அதுதான்.

ஜனவரி 9, வியாழன்

ஆறு ரோல்களையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, உறையைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தேன். குளிர்ந்த ஃபிலிமை உடனே பிரித்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன்மேல் வேர்த்துவிடும். இரண்டு மணி நேரமாவது அப்படியே கிடக்க வேண்டும்.

ஜனவரி 10, வெள்ளி

முதல் பஸ்ஸில் ஏறி முற்பகலுக்குள் ஊட்டி. இன்று கேமராவைத் தொடவில்லை. கூடலூர் சாலையில் நடந்து, நாளை நிற்க வேண்டிய இடத்தைப் பார்த்துவைத்தேன். வழியில் இந்துநகர். 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை இங்கேதான் ஓடியது, இப்போது மூடிக் கிடக்கிறது. அப்பா இதே யாஷிகாவில் போட்டதெல்லாம் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோல்தான். குன்னூர் சிம்ஸ் பூங்காவில் அம்மா நிற்கும் படம் அதில் எடுத்தது. இரவு போனில், “அந்தச் சேலை என்ன நிறம் அப்பா?” என்று கேட்டேன். “மயில்கழுத்து” என்றார், யோசிக்காமல்.

ஜனவரி 11, சனி

ஐந்தரைக்கே தலைகுந்தா. டீக்கடைக்காரர், “ஏழரைக்கு மேல் பனி நிற்காது அண்ணா, வெயில் பட்டதும் தண்ணீர்தான்” என்றார்.

புல்வெளி முழுக்க வெள்ளை. முழங்காலிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் ரவை ஒட்டியதுபோல் பனிமணிகள். புல்லின் நடுநரம்பில் மட்டும் பனி இல்லை, அங்கே காய்ந்த வைக்கோல் நிறம் தெரிந்தது. வெயில் வந்ததும் முதலில் நுனி கரைந்து, ஒரு சொட்டாகி, புல்லை வளைத்தது.

விரல் மரத்துப்போய் வெல்வியாவின் காகித முனையை ஸ்பூலில் செருகவே மூன்று முறை முயல வேண்டியிருந்தது. லென்ஸின் துளையை f8இல் வைத்தால், வெயில் பட்ட புல்லுக்கு ஸ்பாட் மீட்டர் (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் கருவி) 1/125 நொடி காட்டியது, பின்னால் நிழலில் இருந்த சோலைக்கு 1/4 நொடி. ஐந்து ஸ்டாப் வித்தியாசம். ஸ்லைடுக்கு இது எல்லைக்கோடு. புல் வெளுத்துவிடக் கூடாது என்று புல்லுக்கே கணக்கிட்டு எட்டுப் படம் எடுத்தேன். சோலை எனக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்று நம்பினேன்.

மாலை மூன்று மணிக்குப் பைக்காரா பக்கம் மூட்டம் இறங்கியது. கேமராவில் இருந்த வெல்வியா ரோலில் இன்னும் நான்கு படம் மிச்சம். வெளிச்சமே இல்லாத இந்த நேரத்தில் இதைச் செலவழிக்க மனமில்லை. ஆனால் ரோல் முடியாமல் எக்டாரைப் போட முடியாது. சோலையின் ஓரத்தில் ட்ரைபாடை நிறுத்தி, வெள்ளை மூட்டத்தை மீட்டர் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால் அரை ஸ்டாப் கூட்டி, நான்கையும் எடுத்து முடித்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

அதே இடம், அதே பனி, இன்று எக்டார். சோலையை அளந்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் மட்டும் குறைத்தேன். புல் எவ்வளவு பிரகாசமானாலும் நெகட்டிவ் தாங்கும் என்ற துணிவு. முடிந்த ரோலின் ஒட்டுக் காகிதத்தை நாக்கால் நனைத்து ஒட்டும்போது உதடு எரிந்தது, அவ்வளவு குளிர்.

ஜனவரி 28, செவ்வாய்

எக்டாரை உள்ளூரிலேயே கழுவிவிட்டேன். வெல்வியா வெளியூருக்குப் போய் இன்றுதான் கூரியரில் வந்தது.

விளக்குப் பெட்டிமேல் வைத்தேன். விடியல் படங்கள் எட்டிலும் புல் அபாரம், சோலை கரி. மரம், கிளை, இலை எதுவும் இல்லை, வானவிளிம்பில் வெட்டி ஒட்டிய கறுப்புத் தாள். எக்டாரிலோ அதே சோலைக்குள் மரமரமாக எண்ண முடிகிறது, முன்னால் பனியும் பனியாகவே இருக்கிறது.

நான் வேண்டாவெறுப்பாக எடுத்த அந்த நான்கு மூட்டப் படங்களை எடுத்து லூப் என்ற உருப்பெருக்கியில் பார்த்தபோது நெஞ்சு ஒரு கணம் நின்றது. மூட்டத்தில் வெளிச்ச வித்தியாசம் மொத்தமே இரண்டு ஸ்டாப்தான் இருந்திருக்கும். கண்ணுக்குச் சப்பென்று இருந்ததை வெல்வியா பிரித்து விரித்திருக்கிறது. பாசி ஒரு பச்சை, பெரணி ஒரு பச்சை, முற்றிய இலை இன்னொரு பச்சை. நடுவே செம்பு நிறத்தில் ஒரு கொத்துத் தளிர். அங்கே நின்றிருந்தபோது அந்தத் தளிரை நான் பார்க்கவே இல்லை.

வன்மையான வெயிலுக்கு வன்மையான ஃபிலிமைக் கொண்டுபோயிருக்கிறேன், இத்தனை வருடமும். முரட்டு வெளிச்சத்துக்குப் பொறுமையான நெகட்டிவ், மங்கிய வெளிச்சத்துக்கு வெல்வியா என்று மாற்றிப் போட்டிருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு வெல்வியா பிரிக்காமல் இருக்கின்றன. உறைமேல் பேனாவால் ‘மூட்டம், ஜூலை, அவலாஞ்சி’ என்று எழுதி, மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தேன்.